பெயர் கேட்காதிருங்கள்



வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடுகிற நேரம் பார்த்து ஒரு தாயார் மெதுவாகப் பக்கத்தில் வருவார். "அக்கா, எங்க வீட்டுப் பொண்ணு சில நேரம் வேற ஆளா ஆயிடுது. குரலே மாறிப்போவுது. அப்புறம் கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லேங்குது. பேயா, வியாதியா, இல்லே நடிப்பா?" என்பார். இந்த மாதப் பாடத்தை அந்தக் கேள்விக்கே வைத்துக்கொள்ளுவோம்.

நான் டாக்டர் அல்ல. தஞ்சாவூர் ஜில்லாவில் அரசு ஆஸ்பத்திரிகளில் 31 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதைவிட முக்கியம், இந்த வியாதியோடு ஒரே கூரையின் கீழ் 9 வருஷமாக வாழ்கிறவள். என் மருமகளுக்குத்தான் இது. இந்தப் பாடத்தை அவள் வாசித்துப் பார்த்து, இரண்டு இடத்தை அடித்துவிட்டு, மற்றதைப் போடலாம் என்றாள். அவள் பெயரும் எங்கள் ஊர் பெயரும் இதில் வராது. யாரும் யூகித்துப் பார்க்கவும் வேண்டாம்.

வீட்டுக்குள் எப்படித் தெரியும்?

நம்மில் பலர் சினிமா பார்ப்பதில்லை. ஆனாலும் 2005ல் வந்த சந்திரமுகி, அந்நியன் இரண்டையும் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. சந்திரமுகிக்கு மூலக்கதை 1993ல் வந்த மணிச்சித்திரத்தாழ் என்கிற மலையாளப் படம். கண்ணை உருட்டுவது, கட்டிலைத் தூக்குவது, கொலை செய்யக் கிளம்புவது, இதெல்லாம் படத்துக்குச் சரி. அதைப் பார்த்துவிட்டு அந்த மாதிரி வீட்டில் தேடினால் ஒன்றும் அகப்படாது. வீட்டில் இது மிகச் சின்னச் சின்னதாகத்தான் தலைகாட்டும்.

சாம்பாருக்கு இரண்டு முறை உப்பு விழும். காலையில் போட்ட உப்பு அவளுக்கு ஞாபகத்தில் இருக்காது. கும்பகோணம் போய் வந்த பஸ் டிக்கெட் பர்ஸில் இருக்கும், போனதாக அவளுக்குத் தெரியாது. "ஏம்மா பொய் சொல்றே" என்று புருஷன் கேட்பான். அவள் பொய் சொல்லவில்லை. மளிகைச் சீட்டில் பாதி ஒரு கையெழுத்து, பாதி வேறு கையெழுத்து, எழுதத் தொடங்குகிற பிள்ளை எழுதினது போல. சில நாள் கத்தரிக்காயை ஆசையாகச் சாப்பிடுவாள், சில நாள் அதைப் பார்த்தாலே குமட்டும். சாயந்திரம் மாவு ஆட்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கை நின்று போகும். கூப்பிட்டால் காதில் விழாது. பத்து நிமிஷம் கழித்து, ஏழு வயசுப் பிள்ளையின் குரலில், "இது யாரு வீடு?" என்று கேட்பாள். சில சமயம் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்திருக்கும்போதே வேறு ஆளாக எழுந்திருப்பாள். இந்தியாவில் இந்த மாற்றம் தூக்கத்தை ஒட்டித்தான் அதிகம் வருகிறது என்று நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை நான் படித்தது பிற்பாடுதான், பார்த்தது முதலில்.

கோபக்காரியாக வருகிற நாளும் உண்டு. அந்த நாளில் யாரும் கிட்டே போக முடியாது. பாத்திரம் உடையும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அனுபவிக்கிற குடும்பங்கள் என்னை நம்பமாட்டார்கள்.

இது என்ன?

டாக்டர்கள் டிஸோசியேட்டிவ் டிஸார்டர் என்கிறார்கள். மனம் விலகிப்போகிற வியாதி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, இது அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே உண்டு. மனச்சிதைவுக்காரருக்கு நடக்கிறது எது, நடக்காதது எது என்பதே தடுமாறும். இவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தடுமாற்றம் இல்லை. ஆனால் நினைவு துண்டு துண்டாக நிற்கும், ஒரு துண்டுக்கு மற்றது தெரியாது.

1889லேயே பிரான்ஸ் தேசத்தில் பியேர் ஜானே என்பவர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தாங்கமுடியாத காரியம் நடக்கும்போது மனசின் ஒரு பகுதி மற்றதிலிருந்து பிரிந்து தனியே ஓடுகிறது என்று அவர் கண்டார். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் புத்தகம் இதற்குத் தனி இடம் கொடுத்தது. 1994ல் "பல ஆளுமை" என்கிற பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். ஏனென்றால் உள்ளே பல ஆட்கள் இல்லை. ஒரே ஆள்தான், ஒன்றாகச் சேர முடியாமல் போன ஒரே ஆள். இந்தப் பெயர் மாற்றத்தைக் குடும்பத்தார் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் ஜனங்களுக்குக் கல்லணையைச் சொன்னால் சட்டென்று விளங்கும். மேலே இருந்து வருகிற தண்ணீர் ஒன்றுதான். அங்கே வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. வெள்ளம் வந்தால் என்ன செய்கிறார்கள்? அத்தனையும் காவிரியில் விட்டால் வயலும் வீடும் மூழ்கிப்போகும் என்று மிச்சத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு சிறுபிள்ளைக்குத் தாங்கமுடியாத காரியம் ஒரு நாள் அல்ல, மாசக்கணக்காக, வருஷக்கணக்காக நடக்கிறது. ஓட முடியாது, சொல்ல முடியாது, சொன்னால் நம்புகிறவர் இல்லை. செய்கிறவனே சோறு போடுகிற வீட்டு ஆளாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும், வாய்ப்பாடு சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும். அப்போது மனசு ஒரு கொள்ளிடத்தைத் திறந்துவிடுகிறது. பயமும் வலியும் அந்தப் பக்கம் போய்விடும். இந்தப் பக்கம் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அன்றைக்கு அது பிள்ளையைக் காப்பாற்றியது. வளர்ந்து, கல்யாணமாகி, ஆபத்து ஒன்றும் இல்லாத வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மதகு தானாகத் திறந்துகொள்கிறது பாருங்கள், அதுதான் வியாதி.

ஒரே நாளில் வந்த பேரிடரும் மனசை உலுக்கும். 2004 ஜூலை 16ல் கும்பகோணம் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அதே வருஷம் டிசம்பர் 26ல் நாகப்பட்டினக் கரையைச் சுனாமி அடித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அவற்றில் தப்பினவர்களுக்கும் திடீரென்று உறைந்துபோவதும், அந்த நாளே திரும்ப வருவது போலிருப்பதும் உண்டு. ஆனால் அந்தத் துக்கத்தில் ஊரே கூட நின்றது. நான் எழுதுகிற காரியத்தில் பிள்ளை தனியாக இருந்தது. பெரும்பாலும் அந்தத் தனிமைதான் மனசை இத்தனை துண்டாக்குகிறது.

பேயா?

விசுவாசிகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டும். மத்தேயு 4ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். இயேசுவினிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்கள் ஒரு வகை, சந்திரரோகிகள் வேறு வகை, திமிர்வாதக்காரர் வேறு வகை. வேதமே பிரித்துச் சொல்லியிருக்கும்போது நாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது என்ன நியாயம்?

மருத்துவர்களும் நம்மைப் பார்த்து அப்படி ஒரே மூட்டையில் கட்டவில்லை. 2013ல் வந்த அமெரிக்க நோய்ப் புத்தகம், ஆவி பிடித்தது போல் பேசுவதும் இந்த வியாதியின் ஒரு வடிவம் என்று சேர்த்துக்கொண்டது. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனித் தலைப்பே உண்டு. இரண்டிலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு சபையோ சமுதாயமோ ஆராதனையின் பாகமாக ஏற்றுக்கொண்ட அனுபவம் வியாதியில் சேராது. தானாக, விருப்பமில்லாமல் வந்து, ஆளை வேதனைப்படுத்தி, வீட்டு வேலையும் குடும்பமும் கெடும்போதுதான் அது வியாதி. ஆகவே "டாக்டரிடம் போனா நம்ம அந்நியபாஷையைப் பைத்தியம்பாங்க" என்கிற பயம் வேண்டாம்.

நம் தேசத்தில் படத்தில் காட்டுகிற மாதிரியான முழு வடிவம் டாக்டரிடம் அதிகம் வருவதில்லை. பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியின் பத்து வருஷத்துக் கேஸ்களைப் பார்த்து 2010ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த வகை வியாதிகளில் வலிப்பு போல் விழுகிறதும், கை கால் வராமல் போகிறதும்தான் அதிகம். பல ஆளாக மாறுவது அபூர்வம். அதற்குக் காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது, இது என் அபிப்பிராயம் மட்டுமே: மாறுகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னே வேறு வாசலுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று இசபெல் நபோகோவ் என்கிற ஆராய்ச்சியாளர் தென்னாற்காட்டுப் பக்கத்தில் தங்கியிருந்து பார்த்து 1997ல் எழுதினார். அங்கே பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களில் அதிகம் பேர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பம்பைக்காரர் உடுக்கை பம்பை அடித்து அந்தப் பெண்ணை ஆட வைத்து, "நீ யாரு, பேர் என்ன, எந்த ஊரு, எப்படிச் செத்தே, எங்கே புடிச்சே" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பெண் பதில் சொல்லுகிற வரைக்கும் விடமாட்டார். பெரும்பாலும் காதல் கைகூடாமல் செத்துப்போன வாலிபனின் பெயர் வரும். பிறகு தலைமயிரில் கொஞ்சம் எடுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பார்கள்.

சகோதரரே, கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். பம்பைக்காரர் கேட்கிற அதே கேள்வியைத்தானே நம்மில் சிலர் மைக்கைப் பிடித்துக் கேட்கிறோம்? உடுக்கைக்குப் பதில் கீபோர்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் என்ன கேடு என்று கேட்பீர்கள். மனம் துண்டுபட்டவர்களுக்கு, கேட்கக் கேட்கப் பதில் வந்துகொண்டே இருக்கும். பெயர் இல்லாத ஒரு பயத்துக்குக் கூட்டத்தின் முன்னால் ஒரு பெயர் கிடைத்துவிடும். அடுத்த வாரம் அந்தப் பெயரிலேயே அது பேசும். இன்னொன்று, அதைவிடக் கொடிது. "வெளியே போ, உனக்கு இங்கே இடமில்லை" என்று பத்துப் பேர் சத்தமிடும்போது உள்ளே நின்று கேட்பது யார்? ஏழு வயசில் அடிபட்ட அதே பிள்ளை. அன்றைக்கும் பெரியவர்கள் சுற்றி நின்று அதட்டினார்கள், கையைப் பிடித்து அழுத்தினார்கள். இன்றைக்கும் அதுவே. 1993ல் அமெரிக்காவில் எலிசபெத் போமன் என்கிற மனநல மருத்துவர், இந்த வியாதி உள்ளவர்களில் பேயோட்டப்பட்ட 15 பேரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சுகத்துக்குப் பதிலாகப் புதுக் காயத்தைக் கொண்டுபோனவர்கள் அதில் அதிகம். கடவுள்மேல் இருந்த நம்பிக்கையே அடிபட்டுப்போனவர்களும் இருந்தார்கள்.

"கதரேனர் நாட்டில் இயேசுவே பெயர் கேட்டாரே" என்று உடனே சொல்லுவீர்கள். கேட்டார். ஒருதரம் கேட்டார். எந்த மரம், எந்த ஜாதி, யார் ஏவிவிட்டது என்று விசாரணை நடத்தவில்லை. அவனைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தது ஊர்க்காரர்தான், இயேசு அல்ல. முடிவில் அவன் வஸ்திரம் உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். கூட வருகிறேன் என்றவனை அவர் வீட்டுக்கு அனுப்பினார். லூக்கா 8ல் அந்தக் கடைசிப் பகுதியை நாம் அவசரமாக வாசித்துவிட்டுப் போகிறோம். வீட்டுக்குப் போன பிறகு அவனோடு வாழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நம்மைப் போன்ற குடும்பங்களின் பாடம்.

எங்கள் வீட்டுக்கும் வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். நல்ல மனுஷர்தான். எண்ணெய்க் குப்பியோடு எழுந்து நின்று, "ஆவியைப் பேச வைக்கணும்மா" என்றார். நான் சொன்னேன்: "ஐயா, நீங்க ஜெபம் பண்ணுங்க. நாங்களும் முழங்கால்ல நிக்கிறோம். பேர் மட்டும் கேக்காதீங்க. கையும் வைக்காதீங்க, அவ தொட்டா பயப்படுவா." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தள்ளி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஜெபித்தார். அன்று ராத்திரி அவள் முழுசாகத் தூங்கினாள்.

தினசரி வாழ்க்கை

இங்கேதான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. டாக்டர் மாசத்துக்கு ஒரு நாள் பார்க்கிறார், மற்ற 29 நாளும் வீட்டில்தான்.

அவள் மாறிவிட்டாள் என்று தெரிந்தால் முதலில் நாங்கள் செய்வது, இடத்தையும் நாளையும் சொல்லுவது. "இது நம்ம வீடு. இன்னைக்குப் புதன்கிழமை. தை மாசம். நான் அத்தை. கதவு தொறந்துதான் இருக்கு. யாரும் உன்னை ஒண்ணும் செய்யமாட்டாங்க." அவ்வளவுதான். குரலை உயர்த்தாமல், முன்னால் மறித்து நிற்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து சொல்லுவோம். பெரிய காலண்டர் ஒன்று அடுப்படிச் சுவரில் இருக்கிறது, முடிந்த நாளை அவளே அடித்துவிடுவாள். வருஷம் எது என்பது அவளுக்கு அவசரத்துக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் அவள் 20 வருஷத்துக்கு முந்தி நிற்கிறாள்.

வெறுங்காலைத் தரையில் ஊன்றச் சொல்லுவோம். செம்பில் பச்சைத் தண்ணீர் கொடுத்து முகம் கழுவச் சொல்லுவோம். நறுக்கின எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்ப்பது அவளுக்கு நன்றாக வேலை செய்கிறது. வேறொருவருக்கு வேறு ஏதாவது இருக்கும், தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஓரகத்தி ஒருத்தி மிளகாய்ப் புகை போடலாமா என்றாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

சொல்லாமல் தொடுவதில்லை. தூங்கும்போது எழுப்ப வேண்டுமானால் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். எந்தப் பெயர்? ரேஷன் கார்டில் இருக்கிற அவள் பெயர்தான், எப்போதும் அது ஒன்றுதான். சின்னக் குரலில் பேசினாலும் அதே பெயர். அதற்காக அந்தக் குரலை அதட்டுவதும் இல்லை, "போய்விடு" என்பதும் இல்லை. பசிக்கிறது என்றால் சோறு போடுவேன். இருட்டு பயம் என்றால் விளக்குப் போடுவேன். ஒரு குரலோடு கூட்டுச் சேர்ந்து இன்னொன்றைப் பற்றிக் குறை பேசமாட்டேன். ஒன்றிடம் சொன்ன இரகசியத்தை மற்றதிடம் மறைக்கவும்மாட்டேன். "உனக்குச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரிதான்" என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்பதில்லை. இது மாமியார்களுக்கு ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். அவளாகச் சொன்னால் கேட்பேன், நம்புவேன். தோண்டி எடுப்பது என் வேலை அல்ல. தேர்ந்த வைத்தியரே அதை அவசரப்பட்டுச் செய்வதில்லை.

ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். எங்கே போனாள், என்ன வாங்கினாள், மாத்திரை போட்டாளா, பிள்ளைக்குப் பரீட்சை எப்போது, எல்லாம் அதில் எழுதிவிடுவாள். எந்தக் கையெழுத்தில் எழுதினாலும் சரி. காலையில் முதல் வேலை அதை வாசிப்பது. பணத்தில் குளறுபடி வந்தாலும், யாரையாவது திட்டியிருந்தாலும், "நான் செய்யலை, அது செஞ்சுது" என்று விட்டுவிடுவதில்லை. தெளிந்த பிறகு அவளே போய் வருத்தம் சொல்லுவாள், உடைந்ததைக் கூட்டி அள்ளுவாள். தண்டனையாக அல்ல. எல்லாத் துண்டுக்கும் சொந்தக்காரி அவளே என்பது நாளாவட்டத்தில் அவளுக்குள் ஊறவேண்டும் என்பதற்காக.

எது அவளைத் தள்ளுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தோம். பீடி நாற்றம். வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம். வயல்வெளி மோட்டார் கொட்டகை. குறுவை நடவு நேரத்துச் சேற்று வாசனை. சேற்று வாசனையை இந்த ஊரில் எங்கே ஒளித்து வைப்பது? ஜூன், ஜூலையில் அவள் கொஞ்சம் ஆட்டம் காணுவாள் என்று தெரிந்து அந்த மாசங்களில் விருந்தாளிகளைக் குறைத்துவிடுவோம். மோட்டார் போடப் போவது என் மகன்தான், அவளை அனுப்புவதில்லை.

தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். முழு இராத்திரி ஜெபத்துக்கு அவள் வருவதில்லை, பத்து மணிக்குப் படுத்துவிடுவாள். உபவாசமும் அவளுக்கு வேண்டாம் என்று எங்கள் போதகரே சொல்லிவிட்டார். அதைக் குறைவான பக்தி என்று பேசுகிறவர்கள், சர்க்கரை வியாதிக்காரரை உபவாசத்தில் மயங்கி விழ விடுவார்களா?

என் மகனைப் பற்றி இரண்டு வார்த்தை. மனைவி திடீரென்று "நீ யாரு, கிட்டே வராதே" என்று சுவரோரம் ஒண்டினால் ஒரு புருஷனுக்கு எப்படி இருக்கும்? அவன் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்ட இராத்திரிகள் உண்டு. சின்னக் குரலில் பேசுகிற நேரத்தில் அவள் அவனுக்கு மனைவி அல்ல, வீட்டில் ஒரு பிள்ளை. இதை நான் வெளிப்படையாக அவனிடம் சொன்னேன். வாலிபக் குடும்பங்களுக்கு யாராவது இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் மனம் விட்டுப் பேச சபையில் ஒரு மூத்த சகோதரர் இருக்கிறார். நோயாளியைக் கவனிக்கிறவருக்கும் ஒரு தோள் வேண்டும்.

பிள்ளைக்கு ஏழு வயசு. "அம்மாவுக்குச் சில நேரம் ஞாபகம் விலகிப்போற வியாதி. அது உன்னால வரலை. அந்த நேரத்துல பாட்டிகிட்ட வந்துடு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். பிள்ளையிடம் மறைத்தால் அது தன்மேல் பழி போட்டுக்கொள்ளும். அதே சமயம் அம்மாவைத் தேற்றுகிற வேலையைப் பிள்ளை தலையில் வைக்கக்கூடாது.

மன்னிப்பு என்று சொல்லுகிறவர்களுக்கு

அவள் அடித்துவிட்ட இரண்டு இடமும் இந்தப் பகுதியில்தான் இருந்தன. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். தீங்கு செய்தவன் பல சமயம் உறவுக்காரன், ஊரில் மரியாதை உள்ளவன். கல்யாணம், காதுகுத்து, சபை ஆராதனை என்று எதிரே வந்து நிற்பான். "மன்னிச்சிட்டு ஒப்புரவாகும்மா, அப்பத்தான் விடுதலை" என்று அவள் கையைப் பிடித்து அவன் முன்னால் நிறுத்தப் பார்த்தவர்கள் உண்டு. மன்னிப்பது அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ள காரியம், அவளுக்குரிய வேளையில். அவனை வீட்டு வாசலில் ஏற்றுவதா என்பது வேறு காரியம். எங்கள் வாசலில் அப்படிப்பட்ட ஒருவர் ஏறுவதில்லை. கேட்ட உறவுக்காரர்களிடம், "அவர் வந்தா நாங்க இருக்கமாட்டோம்" என்று என் கணவரே சொல்லிவிட்டார். சில வீட்டு விசேஷங்களுக்கு எங்களுக்குப் பத்திரிகை வருவதில்லை. பரவாயில்லை.

அப்படிப்பட்டவன் பக்கத்தில் இன்றைக்கும் சிறுபிள்ளைகள் இருந்தால் மூடிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098க்குப் போன் செய்யலாம். சபையின் பெயர் கெடும் என்று சொல்லுவார்கள். பிள்ளை கெடுவதைவிடச் சபையின் பெயர் பெரிதா?

வைத்தியம்

முதலில் வலிப்பு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கிற இ.இ.ஜி. எடுப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனக்கோளாறு, குடி, மற்ற வியாதிகள் இவற்றையும் தள்ளிப் பார்த்துத்தான் இந்த வியாதி என்று முடிவு செய்வார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் 1997ல் திருச்சியில்தான் ஆரம்பித்தது, இப்போது மற்ற மாவட்டங்களிலும் உண்டு. போனில் பேச, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கின டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். கையைக் கிழித்துக்கொள்ளுகிறது, சாகப்போகிறேன் என்கிறது, இந்த அடையாளம் கண்டால் காத்திராதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். டெல்டாவில் இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

துண்டான நினைவை ஒட்டவைக்கிற மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும், மனச்சோர்வுக்கும், படபடப்புக்கும் மாத்திரை தருவார்கள், அவை உதவும். உபவாச நாட்களில் தானாக நிறுத்தக்கூடாது. முக்கிய வைத்தியம் பேச்சுதான். முதலில் அன்றாட வாழ்க்கையை நிலைப்படுத்துவது, பிறகு மெல்ல மெல்லப் பழைய காயத்தைத் தொடுவது, பிறகு சேர்ந்து வாழப் பழகுவது. வருஷங்கள் ஆகும்.

கட்டிப்போடுவது வைத்தியம் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களை அங்கே விட்டது பெரும்பாலும் அன்புள்ள குடும்பங்கள்தான். 2018ல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக்கூடாது என்கிறது. அதே ஏர்வாடி தர்காவில் இன்று அரசு டாக்டர்கள் உட்கார்ந்து, தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியக்கூடாதா?

"முழுசா சுகமாகுமா?" என்று அந்தத் தாயார்கள் கடைசியாகக் கேட்பார்கள். சிலருக்குத் துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. சிலருக்குச் சேராமலே ஒன்றுக்கொன்று தெரிந்து, சண்டையில்லாமல் போகிறது. எங்கள் வீட்டில் முதல் வருஷம் வாரத்துக்கு நாலு, ஐந்து தரம் மாறுவாள். போன வருஷம் நோட்டைப் பார்த்தால், தீபாவளியிலிருந்து தை அறுவடை வரைக்கும் மூன்று தரம்தான். மளிகைச் சீட்டில் இன்னும் இரண்டு கையெழுத்து வருகிறது. கடைக்காரருக்கு இரண்டும் பழகிவிட்டது, சாமான் சரியாகவே கொடுத்துவிடுகிறார்.